கடலோர சர்வர் அறை: வெப்பம், ஈரம், உப்பு மூன்றையும் கண்காணிக்க ஒரு முழு வழிகாட்டி

மழைக்காலத்தில் அடுப்படிக் கல்லுப்பு ஜாடி கசிந்து அடியில் தண்ணீர் கட்டுவதைப் பார்க்காத வீடு மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இருக்காது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் நீர் கோத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்காற்றோடு வந்து மதர்போர்டின் மேல் படியும் உப்புத் துகளுக்கும் அதே குணம்தான். அறை 24 டிகிரியில் சில்லென்று இருக்கும், திரையில் எல்லா எண்ணும் பச்சையாக இருக்கும், மெமரி ஸ்லாட்டின் தொடுமுனை மட்டும் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும்.

இராமநாதபுரம் கடற்கரையில் வெப்பமானியும் அலாரமும் வைத்தால் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி பனிப்புள்ளி. காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. இந்த வழிகாட்டி கல்லூரி, மருத்துவமனை, மீன் ஏற்றுமதி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் உள்ள ஒன்று அல்லது இரண்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டம்) அறைகளுக்கானது.

ஈரப்பத சதவீதத்தை ஏன் நம்பக் கூடாது

ஈரப்பத சதவீதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். அறை சூடானால் காற்றில் உள்ள நீர் ஒரு துளிகூடக் குறையாமலே சதவீதம் இறங்கும். பார்ப்பவர் ‘ஈரம் குறைந்துவிட்டது’ என்று நிம்மதியடைவார். பனிப்புள்ளி அப்படி ஏமாற்றாது. வெளிக்காற்று உள்ளே வந்தாலோ, ஏசி ஈரத்தை உறிஞ்சுவதை நிறுத்தினாலோ மட்டுமே அது ஏறும்.

தோராயக் கணக்கு எளிது. 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும்போது இது நன்றாகவே பொருந்தும். வெளியே 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 26. அறைக்குள் 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் 15. துல்லியமான சூத்திரப்படி 14.4. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 22 டிகிரியில் குளிர்ந்து நிற்கும் ரேக்கின் மேல் 26 டிகிரி பனிப்புள்ளி உள்ள காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல இரும்புச் சட்டம் வேர்க்கும். மின்சாரம் போனதும் கதவைத் திறந்து மேசை விசிறியை வைப்பவர்கள் செய்வது இதைத்தான்.

குளிரூட்டல் துறைக்கான ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரைப்படி சர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள்ளும், பனிப்புள்ளி 15-க்குக் கீழும் இருக்க வேண்டும். சர்வரின் வகையைப் பொறுத்துத் தாங்கும் எல்லை 32 அல்லது 35 டிகிரி வரையும், பனிப்புள்ளி 17 அல்லது 21 வரையும் போகும். அரிக்கும் வாயு இருக்கும் இடங்களில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். கடற்கரையில் உங்கள் இலக்கு அந்த 50-தான்.

வாங்க வேண்டியவை

ஒரு ரேக்குக்கு:

- டிஎஸ்18பி20 வெப்ப உணரி 7: முன்பக்கம் கீழ், நடு, மேல் என்று 3; பின்பக்கம் நடு, மேல் 2; ஏசியின் குளிர்காற்று வாயில் 1; அது காற்றை இழுக்கும் இடத்தில் 1.
- எஸ்எச்டி31 ஈரப்பத உணரி 2: ரேக்கின் முன்பக்க நடுவில் ஒன்று, கட்டடத்துக்கு வெளியே மழை படாத நிழலில் ஒன்று.
- உணரிகளைப் படித்து அளவை அனுப்பும் இஎஸ்பி32 பலகை 2, 4.7 கிலோ ஓம் மின்தடை 2, ஏசிக்கு அடியில் வைக்க நீர்க்கசிவு உணரி 1, கதவுக்குக் காந்த சுவிட்ச் 1.
- சிம் போடும் ஜிஎஸ்எம் மோடம் 1.

விலை குறைவென்று டிஎச்டி22 ஈரப்பத உணரியை வாங்க வேண்டாம். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் அதன் அளவு நகர்ந்துவிடும். எஸ்எச்டி31-இன் பிழை பொதுவாக 2 சதவீதத்துக்குள் இருக்கும். சந்தையில் போலி டிஎஸ்18பி20 நிறையப் புழங்குகிறது. வந்த ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே மாட்டுங்கள்.

வெப்ப உணரிக்கு நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்ட டம்ளர் போதும். முனையை முக்கி 5 நிமிடம் விட்டால் 0 காட்ட வேண்டும். அரை டிகிரி முன்பின் இருக்கலாம். ஈரப்பத உணரிக்கு உப்புச் சோதனை. ஒரு மூடியில் உப்பை எடுத்து ஈர மணல் பதத்துக்கு நனைத்து, காற்றுப் புகாத டப்பாவில் உணரியோடு வைத்து மூடுங்கள். உணரியில் உப்பு படக் கூடாது. 12 மணி நேரம் கழித்து 75 சதவீதம் காட்ட வேண்டும். இதற்குக் கடைப் பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த உப்புதான் சரி. வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு மீன் குழம்புக்கு அருமையானது, ஆனால் அதில் மக்னீசியம் கலந்திருப்பதால் எண் குறைத்துக் காட்டும், நல்ல உணரி கெட்டுவிட்டதாக நினைக்க வைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

மாட்டும் முறை

1. முன்பக்க உணரிகள் ரேக் கதவிலிருந்து 5 செ.மீ. தள்ளி, காற்றில் தொங்க வேண்டும். இரும்பில் ஒட்டினால் இரும்பின் சூட்டைத்தான் காட்டும்.

2. ஏழு டிஎஸ்18பி20-யையும் ஒரே கம்பியில் வரிசையாக இணைக்கலாம். தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று வேண்டும். ஒரே புள்ளியிலிருந்து ஏழு பக்கம் கிளை பிரித்தால் வாசிப்பு விட்டுவிட்டு வரும்.

3. திடீரென்று 85 டிகிரி வந்தால் பதற வேண்டாம். மின்சாரம் வந்ததும் அளக்கும் முன்பே படித்தால் இந்த உணரி தரும் எண் அது. −127 என்றால் கம்பி அறுந்திருக்கிறது. இரண்டையும் நிரலிலேயே வடிகட்டிவிடுங்கள். இல்லையென்றால் முதல் வாரத்திலேயே பொய் அலாரம் நான்கு வரும், ஐந்தாவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

4. எஸ்எச்டி31-க்குக் கம்பி ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு இஎஸ்பி32-ஐ அங்கேயே வையுங்கள். வாங்கிய இரண்டாவது பலகை வெளி உணரிக்குத்தான்.

5. இணைப்புகளைச் சாலிடர் செய்து, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். வெறும் ஜம்பர் கம்பியைச் செருகிவிட்டால் இந்தக் கரையில் சில மாதங்களில் பச்சை பிடிக்கும்.

முன்பக்க மேல் உணரி கீழ் உணரியைவிட 5 டிகிரிக்கு மேல் காட்டினால் ஏசியை ஏற்றாதீர்கள். பின்பக்கச் சூடு ரேக்கின் காலி இடங்கள் வழியாக முன்னால் சுற்றி வருகிறது என்று பொருள். காலி யூனிட்டுகளைத் தகடு போட்டு மூடுங்கள். அவசரத்துக்குத் தடித்த அட்டைகூட உதவும்.

சர்வர் தானே சொல்லும் விஷயங்கள்

அறையின் வெப்பம் ஒரு தகவல், பெட்டிக்குள் நடப்பது வேறு. பெரும்பாலான சர்வர்களில் பிஎம்சி என்ற தனிச் சிப் இருக்கிறது, அதோடு பேசும் முறைக்கு ஐபிஎம்ஐ என்று பெயர். டெல் அந்தச் சிப்பை ஐடிராக் என்றும் எச்பி ஐலோ என்றும் அழைக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். லினக்ஸில் ஐபிஎம்ஐடூல் நிறுவி, எஸ்டிஆர் கட்டளை கொடுத்தால் உள்வரும் காற்று, சிபியு, விசிறி, பவர் சப்ளை எல்லாம் வரும். எஸ்இஎல் கட்டளை நிகழ்வுப் பதிவைக் காட்டும். பதிவில் தேதி 1970 அல்லது 2000 என்று இருந்தால் சிப்பின் கடிகாரம் ஓடவில்லை. அதைச் சரிசெய்யாமல், எது முதலில் கெட்டது என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. இந்தச் சிப்பைப் பொது நெட்வொர்க்கில் விடக் கூடாது. தனி விலானில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) வைத்து, ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஐபிஎம்ஐ இல்லாத சாதாரணக் கணினியைச் சர்வராக ஓட்டுபவர்கள் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, சென்சார்ஸ்-டிடெக்ட் ஒருமுறை ஓட்டினால் போதும்.

வட்டுகளுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ். வட்டு தன் நலம் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவை அது படிக்கும். நூறு வரி காட்டும் அந்தப் பட்டியலில் பார்க்க வேண்டியவை சிலதான். 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கிய செக்டர், 197 முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர், 198 திருத்த முடியாதது. இந்த மூன்றும் 0-வில் இருந்து நகர்ந்து, வாரத்துக்கு வாரம் ஏறினால் வட்டை மாற்ற நாள் குறித்துவிடலாம். 199 வேறு கதை. அது வட்டின் கோளாறாக இருப்பது அரிது. கேபிள் அல்லது இணைப்பான் தகராறுதான் பெரும்பாலும். கடலோரத்தில் 199 ஏறினால் புது வட்டு வாங்கும் முன் கேபிளைக் கழற்றி, தொடுமுனைத் துப்புரவுத் தெளிப்பான் அடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடியும். என்விஎம்இ வகைக்குத் தேய்மான சதவீதமும் மீதமுள்ள மாற்று இடமும் பார்த்தால் போதும். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் வட்டுகள் நேராகத் தெரியாது. மெகாரெய்டு என்ற வகையும் வட்டின் எண்ணும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதே தொகுப்பின் ஸ்மார்ட்டி சேவையில் தினமும் இரவு 2 மணிக்குக் குறுஞ்சோதனை, சனிக்கிழமை 3 மணிக்கு நெடுஞ்சோதனை என்று வையுங்கள். எல்லா வட்டுக்கும் ஒரே இரவில் நெடுஞ்சோதனை வைத்தால் ரேக்கே சூடாகும், பிரித்துப் போடுங்கள். வட்டின் வெப்பம் 45 டிகிரிக்குள் இருக்கட்டும்.

மெமரியில் தானாகத் திருத்தப்பட்ட பிழைகளைப் பலர் கவனிப்பதே இல்லை. ராஸ்டீமன் நிறுவினால் எந்தச் சில்லில் எத்தனை என்று எண்ணிக் காட்டும். ஒரே ஸ்லாட்டில் தொடர்ந்து பிழை வந்தால், அணைத்துவிட்டு மெமரியைக் கழற்றி, தொடுமுனையை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள். பென்சில் அழிப்பானால் தேய்ப்பது பழைய வழக்கம். தங்கப் பூச்சு போய்விட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும், செய்யாதீர்கள்.

ஏசியும் ஒரு கருவிதான், அதையும் கண்காணியுங்கள்

சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகிறது. 1 வாட் என்றால் மணிக்கு 3.4 பிடியு. ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும், ஆனால் அதில் ஒரு பகுதி ஈரத்தை உறிஞ்சவே செலவாகும். 2 கிலோவாட் ரேக்குக்கு ஒன்றரை டன் ஏசி இரண்டு வைத்து, 8 மணி நேரத்துக்கு ஒன்றாக மாற்றி ஓட்டுவது சரியான ஏற்பாடு. மின்சாரம் போய் வந்ததும் ஏசி தானாக ஓடத் தொடங்குகிறதா என்பதை எம்சிபியை இறக்கி ஏற்றி நீங்களே பாருங்கள். அந்த வசதி இல்லாத ஏசிதான் பல அறைகளைச் சனிக்கிழமை இரவில் அடுப்பாக்குகிறது.

ஏசி இழுக்கும் காற்றுக்கும் விடும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போதே அது 6-க்குக் கீழே போனால் கேஸ் கசிந்திருக்கலாம், அல்லது வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் உப்பில் உதிர்ந்திருக்கலாம். வித்தியாசம் வழக்கத்தைவிட அதிகமாகி, காற்றும் மெல்ல வந்தால் பில்டர் அடைத்திருக்கிறது. விட்டால் உள்சுருளில் ஐஸ் கட்டும். வெளி யூனிட்டை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், மெதுவான அழுத்தத்தில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவாமல் இருப்பதே மேல். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கொந்தளிக்கும். உங்கள் யூனிட் எந்தக் கடலைப் பார்த்து நிற்கிறதோ அந்தப் பருவத்தில் 15 நாளுக்கு ஒருமுறை.

இனி அதிகம் பேர் தவறவிடும் இடம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே 25, 26 டிகிரிதான். அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், நிற்கும்போது ஈரம் உறிஞ்சப்படாது. வெப்பநிலை 24-இல் அசையாமல் நிற்க, ஈரப்பதம் 70-ஐத் தாண்டும். வருடத்தில் மிக மோசமான அரிப்பு இந்த மாதங்களில்தான் நடக்கிறது, ஒரு வெப்ப அலாரம்கூட அடிக்காமல். ஏசியை 18-இல் வைப்பது தீர்வாகாது. சுவரும் சட்டமும் குளிர்ந்து, கதவு திறந்ததும் வேர்க்கும். தனியாக ஒரு சிறிய ஈரநீக்கி வைத்து, 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். அதன் தண்ணீரைக் குழாய் போட்டு வெளியே விடுங்கள். தொட்டி நிரம்பினால் கருவி நின்றுவிடும்.

இரண்டு வரைபடங்களை ஒன்றாகப் பார்த்தால் கோளாறு தானே தெரியும். வெப்பம் ஏறி, பனிப்புள்ளி அசையாவிட்டால்: சுமை கூடியிருக்கிறது அல்லது காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது. இரண்டும் ஏறினால்: கம்ப்ரசர் நின்றிருக்கிறது அல்லது கதவு திறந்திருக்கிறது, கதவு சுவிட்ச் எது என்று சொல்லிவிடும். பனிப்புள்ளி மட்டும் ஏறினால்: மேலே சொன்ன மழைக்கால நோய், அல்லது கேபிள் போகும் துளை அடைக்கப்படாமல் இருக்கிறது.

செம்புத் தகடு

2 செ.மீ. அகலச் செம்புத் தகடு இரண்டை நைஸ் எமரித் தாளில் பளபளக்கத் தேய்த்து, ரேக்கின் முன் ஒன்றும் வெளியே ஒன்றும் நூலில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். பச்சை படர்ந்தால் உப்பு. கறுத்தால் கந்தகம், கரையில் அழுகும் கடற்பாசியிலிருந்து வரும் வாயு அதைச் செய்யும். பக்கத்தில் ஐஸ் ஆலை இருந்தால் கசியும் அம்மோனியாவும் செம்பைத் தின்னும். ஆய்வகத்தில் அளந்தால், செம்பில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் அரிப்பு இருப்பதே மின்னணுக் கருவிகளுக்குப் பாதுகாப்பு. கண்ணால் பார்ப்பதற்கு அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனால் உள்ளே தொங்கும் தகடும் வெளித் தகடும் ஒரே வேகத்தில் நிறம் மாறினால், உங்கள் அறை அடைத்த அறையே இல்லை என்பது தெரிந்துவிடும்.

தரவைச் சேர்ப்பதும் அலாரமும்

அளவுகளைச் சேர்க்கும் புரோமிதியஸும் வரைபடம் போடும் கிராஃபானாவும் இலவசம், ஒரு பழைய கணினியில் ஓடும். நோட் எக்ஸ்போர்ட்டர், ஐபிஎம்ஐ எக்ஸ்போர்ட்டர், ஸ்மார்ட்சிடிஎல் எக்ஸ்போர்ட்டர் மூன்றையும் நிறுவி, இஎஸ்பி32 தரும் அளவுகளையும் சேருங்கள். அறை உணரிகள் 30 வினாடிக்கு ஒருமுறை, ஐபிஎம்ஐ நிமிடத்துக்கு ஒருமுறை, ஸ்மார்ட் 10 நிமிடத்துக்கு ஒருமுறை. ஏற்கெனவே இதே வேலை செய்யும் ஜாபிக்ஸ் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம், இதற்காக மாற வேண்டியதில்லை.

அலாரத்தைத் துறைமுகத்துப் புயல் கூண்டு போலப் படிப்படியாக அமையுங்கள். பாம்பனில் 1-ஆம் எண் ஏற்றினால் யாரும் ஓடுவதில்லை, 10 என்றால் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

- முன்பக்கக் காற்று 27, அல்லது பனிப்புள்ளி 15, பத்து நிமிடம் நீடித்தால்: செய்தி மட்டும்.
- 30, அல்லது பனிப்புள்ளி 17: எஸ்எம்எஸ், தொலைபேசி அழைப்பு.
- 32: சோதனைச் சர்வர்கள் தானாக அணையட்டும்.
- 35: எல்லாம் முறையாக அணையட்டும், தரவுத்தளம் முதலில், சேமிப்பகம் கடைசியில்.

ஏறிய அலாரம் 2 டிகிரி இறங்கிய பிறகே அடங்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் இரவு முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். பைபர் அறுந்தாலும் சேதி போக வேண்டும் என்பதற்குத்தான் ஜிஎஸ்எம் மோடம்.

கூண்டுகளில் 11-ஆம் எண்ணுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கண்காணிப்பிலும் அது வேண்டும். மதுரையிலோ வேறு ஊரிலோ உள்ள ஒரு கணினிக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சேதி போகட்டும். 15 நிமிடம் வராவிட்டால் அங்கிருந்து அலாரம் அடிக்கட்டும். கண்காணிக்கும் கணினியே செத்துவிட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

மின்வெட்டில்

10-க்கு 12 அடி, 10 அடி உயர அறையில் காற்று 34 கன மீட்டர். ஏசி நின்று 2 கிலோவாட் சுமை யுபிஎஸ்ஸில் ஓடினால், காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் 20 வினாடிக்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் இரும்பும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் நடைமுறையில் மெதுவாகும். எவ்வளவு மெதுவாக என்பது அறைக்கு அறை வேறு, ஆகவே அளந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மதியம், ஆள் பக்கத்தில் நிற்க, ஏசியை அணைத்து 32 டிகிரிக்கு எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஜெனரேட்டர் ஏசியையும் சேர்த்து அந்த நேரத்தில் பாதிக்குள் தூக்க வேண்டும். யுபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கும் என்பதில் பெருமை இல்லை, அறை இருபது நிமிடம்தான் தாங்கும் என்றால்.

யுபிஎஸ்ஸை நட் என்ற இலவச நிரலோடு இணைத்து, உள்வரும் மின்னழுத்தம், பேட்டரி, மீதி நேரம் மூன்றையும் பதியுங்கள். அடைத்த ஈய-அமிலப் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். பழைய பேட்டரி காட்டும் மீதி நேரம் பொய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையான சுமையில் ஓட்டி அளந்ததே கணக்கு.

நாள் கணக்கில் அணைந்து கிடந்த பிறகு

ஓடும் சர்வர் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். அணைந்தது ஈரம் குடிக்கும். புயலுக்கு மூன்று நாள் அணைத்து வைத்ததை மின்சாரம் வந்த கையோடு போட்டால் பவர் சப்ளை வெடிக்க வாய்ப்புண்டு. உப்புத் தூசு ஈரத்தில் மின்கடத்தியாகியிருக்கும். முதலில் ஏசியையும் ஈரநீக்கியையும் மட்டும் ஓட்டுங்கள். பனிப்புள்ளி 15-க்குக் கீழ் வந்த பிறகும் 12 மணி நேரம் பொறுங்கள். ஒரு பவர் சப்ளையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் எல்லாவற்றையும் மென்மையான தூரிகையால் துடைக்கும்வரை எதையும் போடாதீர்கள். பிறகு ஸ்விட்ச், அடுத்து சேமிப்பகம், கடைசியில் சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் 10 நிமிட இடைவெளி. ஒவ்வொன்றும் எழுந்ததும் எஸ்இஎல் பதிவையும் 199-ஆம் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இரண்டையும் மறுபடி எடுங்கள். மாற்றாக வைத்திருக்கும் வட்டு, பவர் சப்ளை எல்லாம் சிலிக்கா ஜெல்லோடு ஒட்டிய பையில் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம்.